ஓநாயைத் தேடும் துப்பறிவாளர்கள்

நம்மிடையே ஒரு புதிய மோகம் பரவி வருகிறது. நாவல் எழுத உட்காரும் நமது இளைய எழுத்தாளர்களில் பலர் ஒரு தொடர்கொலையாளியைத் தேடிப் புறப்பட்டு விடுகிறார்கள். வாசித்துக் கருத்துச் சொல்லும்படி என் கைக்கு வந்த சில பிரதிகளில் கதை ஏறத்தாழ ஒன்றுதான். மழை இரவில் ஓர் இளம் பெண்ணின் சடலம். பத்து நாட்களில் இன்னொன்று. மூன்றாவது சடலத்தின் பக்கத்தில் கொலைகாரன் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறான். மனைவியையோ மகளையோ பறிகொடுத்த, தூக்கமிழந்த ஒரு பொலிஸ் அதிகாரி வருகிறார். அவருக்குக் கீழே துடிப்பான ஒரு இளைஞன். கடைசியில் கொலைகாரன் சிறு வயதில் அவமானப்பட்ட ஒரு மனநோயாளி என்று தெரிய வருகிறது. பாழடைந்த கட்டடமொன்றில் அவன் செத்துப் போகிறான். மழையும் விட்டு விடுகிறது.

'ராட்சசன்' (2018), 'போர் தொழில்' (2023) ஆகிய படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. அவற்றுக்குப் பின்னால் தோமஸ் ஹரிஸ் 1988இல் எழுதிய 'த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்' நாவலும் அதன் வழிவந்த நூற்றுக்கணக்கான நாவல்களும் நிற்கின்றன. அவற்றை எழுதியவர்களோடும் எடுத்தவர்களோடும் எனக்கு வழக்கில்லை. அந்த அச்சை அப்படியே தூக்கி வந்து மன்னார்க் கரையில் ஊன்றுபவர்களோடுதான் என் வழக்கு. பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் முதலாவது சடலம், மன்னார்த் தாம்போதியில் இரண்டாவது, எங்கள் விடத்தல்தீவுக் கண்டற் காட்டுக்குள் மூன்றாவது. இடப்பெயர்கள் நம்முடையவை. குற்றம் மட்டும் வேறெங்கிருந்தோ இறக்குமதியாகிறது.

இப்படிச் சொன்னதும் நமது மூத்த இலக்கியகாரர்கள் சிலர் ஆமோதித்துத் தலையசைப்பார்கள். துப்பறியும் கதை என்றாலே குப்பை, அது ரயில் பயணத்தில் வாசித்து ஆசனத்திலேயே விட்டுவிட்டு இறங்குவதற்கானது என்பது அவர்களது தீர்ப்பு. அவர்களோடும் நான் உடன்படவில்லை. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமென்று நாம் பெருமையோடு காட்டும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) எத்தகைய கதை? ஒரு குழந்தை களவு போகிறது. அதன் அடையாளம் மறைந்து போகிறது. பின்னர் பிறப்பின் இரகசியம் துலங்குகிறது. மர்மக் கதையின் எலும்பும் தசையும் அதில் இருக்கின்றன. இன்னும் பின்னே போனால் 'ஆயிரத்தொரு இரவுக'ளில் மூன்று அப்பிள்களின் கதை இருக்கிறது. தைகிரீஸ் நதியில் ஒரு மீனவனின் வலையில் பெட்டியொன்று சிக்குகிறது. உள்ளே துண்டாடப்பட்ட ஒரு பெண்ணின் உடல். கலீபா ஹாரூன் ரஷீத் தன் மந்திரி ஜஃபருக்கு மூன்று நாள் தவணை கொடுக்கிறார். கொலையாளியைக் கொண்டு வராவிட்டால் மந்திரிக்கே தூக்கு. துப்பறிபவனின் கழுத்தில் ஆட்சியாளனின் கயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் கதை அப்போதே சொல்லி வைத்துவிட்டது. ஆகவே இந்த வடிவம் நமக்கு அந்நியமானதல்ல, அதை நாம் வைத்திருக்க வேண்டும். கேள்வியெல்லாம் அதற்குள் யாரைத் தேடுகிறோம் என்பதுதான்.

துப்பறிதல் என்றால் என்ன என்பதை நமக்கு மிகத் தெளிவாகச் சொல்லித் தருவது சூரா யூசுப். அதில் இரண்டு சட்டைகள் வருகின்றன. முதலாவது, சகோதரர்கள் இரவில் அழுதுகொண்டு தகப்பனிடம் கொண்டு வந்த சட்டை. அதில் பொய் இரத்தம் பூசப்பட்டிருக்கிறது. ஓநாய் யூசுபைத் தின்றுவிட்டது என்கிறார்கள். யஃகூப் நபி நம்பவில்லை. இரத்தம் இருந்த சட்டையில் கிழிசல் இல்லாததை அவர் கவனித்தார் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கம் எழுதுகிறார்கள். பிள்ளையைத் தின்றுவிட்டுச் சட்டையைச் சேதமில்லாமல் விட்டுப்போன ஓநாய் எங்கே இருக்கிறது? இரண்டாவது, எகிப்தில் பின்புறமாகக் கிழிந்த சட்டை. முன்புறம் கிழிந்திருந்தால் யூசுப் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் நிரபராதி என்று அந்த வீட்டாரில் ஒருவரே சோதனையை வகுத்துக் கொடுக்கிறார். தடயத்தைப் பார், அது யாரைக் காட்டுகிறதோ அவரை ஏற்றுக்கொள், அவர் உன் வீட்டாராக இருந்தாலும் சரி. இதைவிடச் சுருக்கமாகப் புலனாய்வுக்கு இலக்கணம் சொல்ல முடியாது.

இந்த வரலாற்றில் நமது இளைய நாவலாசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஓநாயை. அது ஒரு பாவமும் அறியாதது. குற்றம் செய்தவர்கள் கூடிப் பேசியவர்கள். கொன்று விடலாம் என்று ஒரு யோசனை, கிணற்றில் போடலாம் என்று மாற்று யோசனை, பிறகு தீர்மானம், பிறகு நிறைவேற்றம், பிறகு தகப்பனிடம் ஒப்புவிக்க ஓர் அறிக்கை. எல்லாம் நிதானமான மனிதர்களின் வேலை. அந்த நிதானத்தை மறைக்கத்தான் ஓநாய் தேவைப்பட்டது. இன்றைய தொடர்கொலையாளி நாவல் அந்த ஓநாயைத்தான் முந்நூறு பக்கங்களுக்குத் துரத்துகிறது. தீமை ஒரு நோயுற்ற மூளைக்குள் மட்டும் குடியிருக்கிறது, அதைச் சுட்டு வீழ்த்திவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்று அது வாசகனுக்கு ஆறுதல் சொல்கிறது. நமது வாசகனுக்கு இந்த ஆறுதலைச் சொல்வதற்கு எழுத்தாளன் வெட்கப்பட வேண்டும்.

மேற்கத்திய துப்பறியும் நாவலின் பேரரசி என்று கொண்டாடப்படும் அகதா கிறிஸ்டிக்கே இது தெரிந்திருந்தது. 1936இல் வெளியான 'த ஏபிசி மர்டர்ஸ்' நாவலில் அகர வரிசைப்படி கொலைகள் நடக்கின்றன. ஊர் முழுவதும் ஒரு பைத்தியக்காரனைத் தேடுகிறது. காலுறை விற்றுத் திரியும், வலிப்பு நோயுள்ள ஓர் அப்பாவி அகப்படுகிறான். தானே கொலை செய்திருப்பேனோ என்று அவனே நம்பத் தொடங்குகிறான். உண்மையில் கொலையாளி செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த, நல்ல புத்தி சுவாதீனமுள்ள ஒரு கனவான். தன் அண்ணனின் சொத்துக்காக ஒரேயொரு கொலை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒன்றை மறைக்க மற்றவற்றைச் செய்து, ஒரு பைத்தியக்காரத் தொடர்கொலையாளியை அவனே கற்பனை செய்து உலகத்துக்குக் கொடுத்தான். தொடர்கொலையாளி என்பதே கொலைகாரன் எழுதிய நாவல்! கிறிஸ்டியிடமிருந்து மர்ம முடிச்சைக் கற்றுக்கொண்ட நம்மவர்கள் இந்த எச்சரிக்கையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

கதைதானே, அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். இந்த நாட்டில் ஓநாய்க் கதைகள் எப்படி வேலை செய்தன என்பதைப் பார்ப்போம்.

2008 முதல் இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தை, கொடகேதன பகுதியில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டு வந்தார்கள். அது உண்மையான குற்றம். பொறுமையான புலனாய்வை அது வேண்டி நின்றது. ஆனால் 2011 ஓகஸ்டில் அந்தப் பயத்திலிருந்து கிளம்பிய வதந்திகளும் சேர்ந்து 'கிறீஸ் பூதம்' என்ற உருவத்தை எடுத்தன. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்கும் மர்ம மனிதன் மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் புத்தளத்திலும் ஒரே நேரத்தில் தோன்றினான். ஊரூராக இளைஞர்கள் பொல்லுகளோடு காவல் இருந்தார்கள். சந்தேகத்தின் பேரில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்கள் அகதிகளாக வாழ்ந்த அதே புத்தளத்தில், நோன்பு மாதத்தில், ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கும்பலின் கையில் உயிரிழந்தார். பிறகு சுற்றிவளைப்பும் கைதுகளும். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பூதம் மட்டும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

இரண்டாவது ஓநாயை நாம் இன்னும் கிட்டத்திலிருந்து பார்த்தோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, அந்த ஆண்டு மே மாதத்தில், ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கம் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கள்ளமாகக் கருத்தடை செய்த ஒரு வைத்தியரைப் பற்றி எழுதியது. சில நாட்களுக்குள் குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கைதானார். தொடர்குற்றவாளி நாவலின் அத்தனை அம்சமும் அதில் இருந்தன: வெள்ளை அங்கிக்குள் மறைந்த அரக்கன், எண்ணிக்கை, பெண்ணுடல், இரகசியச் சத்திர சிகிச்சை. அந்தப் புனைவை உடைத்தது எது? மேடைப் பேச்சல்ல, நமது கண்டன அறிக்கைகளுமல்ல. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சாட்சிகளிடம் வாக்குமூலம் எடுத்து, ஆவணங்களைப் பரிசீலித்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. கிழிசலில்லாத சட்டையைக் கவனிக்கத் தெரிந்த சிலர் அந்த அலுவலகத்தில் இருந்தார்கள் என்பதுதான் அன்று நம்மைக் காத்தது.

அப்படிப்பட்ட புலனாய்வாளர்களின் கதை இந்த நாட்டில் இருக்கிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். தமிழரும் முஸ்லிம்களும் அவர்களில் அடங்குவர். குடும்பங்களிடம் கப்பம் கேட்கப்பட்டது. ஒரு கடற்படை அதிகாரியின் அறையிலிருந்து காணாமல் போனவர்களின் அடையாள அட்டைகள் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து விசாரணை நூல் பிடித்துச் சென்றது. தொலைபேசி அழைப்புப் பதிவுகளைப் பின்தொடர்ந்து திருகோணமலைக் கடற்படைத் தளம் வரை புலனாய்வாளர்கள் போனார்கள். கடற்படையினர் பலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்த விசாரணையை நடத்திய பொலிஸ் பரிசோதகர் நிஷாந்த சில்வா 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் குடும்பத்தோடு நாட்டைவிட்டுச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகர பதவியிலிருந்து அகற்றப்பட்டு, 2020 ஜூலையில் கைதாகி, மறு ஆண்டு பிணையில் வரும்வரை விளக்கமறியலில் கிடந்தார். முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது.

ஜஃபரின் கழுத்துக் கயிறு ஞாபகம் வருகிறதல்லவா? இந்த வழக்கில் சாட்டப்பட்டிருக்கும் குற்றத்தில் பைத்தியம் எங்கேயும் இல்லை. பணம், பதவி, சீருடை, கட்டளை, மௌனம் என்பவைதான் இருக்கின்றன. இதைவிட விறுவிறுப்பான நாவலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் நமது நாவலாசிரியனின் அதிகாரி ஒருநாளும் இடமாற்றம் பெறுவதில்லை. அவனுடைய கோப்பு காணாமல் போவதில்லை. மேலிடத்திலிருந்து அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வருவதில்லை. கொலைகாரனை அவன் சுட்டுவிடுகிறான், யாரும் கேள்வி கேட்பதில்லை. சந்தேக நபரைச் சுட்டுக் கொல்வதைக் கைதட்டி வரவேற்க வாசகனைப் பழக்குவது இந்த நாட்டில் எவ்வளவு ஆபத்தான விளையாட்டு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். விடத்தல்தீவு பெயரில்தான் தீவு. உண்மையில் மாந்தை மேற்கின் பெருநிலக் கரையில், கண்டற் காடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் கலந்து வாழ்ந்த ஊர். 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் வடமாகாணத்தின் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் ஊர் முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இது ஒரு குற்றம். சந்தேக நபர் யார்? சிறு வயதில் அவமானப்பட்ட மனநோயாளியா? தீர்மானம் எடுத்தவர் இருந்தார், அதை ஊரூராக அறிவித்தவர் இருந்தார், நகைகளைக் கழற்றி வாங்கியவர் இருந்தார், திரும்பும் வழியை மறித்து நின்றவர் இருந்தார், பார்த்துக்கொண்டிருந்த அயலவரும் இருந்தார், அழுது வழியனுப்பிய அயலவரும் இருந்தார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இது குறித்து வருத்தம் தெரிவித்தார். வருத்தம் சொல்லப்பட்டது, விசாரணை நடக்கவில்லை. 2008 ஜூலை 16இல் இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். யார், எப்போது, எந்த அறையில், ஏன் தீர்மானித்தார் என்ற கேள்வி மட்டும் கண்டற் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. இந்த ஊரின் கண்டற் காட்டுக்குள் கற்பனைச் சடலமொன்றைக் கொண்டுவந்து போடும் எழுத்தாளனுக்கு இந்தக் கேள்வி கண்ணில் படவில்லையே என்பதுதான் என் கோபம்.

நமது துயரத்தை மட்டும் எழுதினால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தடயம் காட்டுபவரை ஏற்றுக்கொள்வதென்றால் எல்லோருடைய மையத்தையும் எண்ண வேண்டும். 1985 ஜனவரியில் வங்காலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளாரின் மரணமும் இந்தக் கரையின் முடிக்கப்படாத கோப்புத்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வீதியில் உட்கார்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரின் கேள்வியும் அத்தகையதே. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டோடு போனவர்கள் நமது பெயர்களைத் தாங்கியவர்கள். அவர்கள் எந்த வகுப்பறையில், யாருடைய பணத்தில், யாருடைய கண்மூடலில் அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று தேடும் நாவலை நாம்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். 'அவர்கள் பைத்தியங்கள், நம்மவர்களல்லர்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அதுவும் பொய் இரத்தம் பூசிய சட்டைதான்.

இப்படியெல்லாம் எழுதினால் அது நாவலாக இராது, அறிக்கையாகிவிடும் என்ற ஆட்சேபம் வரும். சிசிலித் தீவின் பாடசாலை ஆசிரியரான லியனார்தோ ஷாஷா 1961இல் எழுதிய 'ஆந்தையின் நாள்' என்ற சிறிய நாவல் அதற்குப் பதில். அதிகாலையில் பஸ்ஸில் ஏறும் ஒரு மனிதன் சுடப்படுகிறான். பொலிஸ் வருவதற்குள் பிரயாணிகள் ஒவ்வொருவராக நழுவி விடுகிறார்கள். பக்கத்தில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவன் வெடிச்சத்தம் கேட்டதா என்பதையே சந்தேகத்தோடு விசாரிக்கிறான். வெளியூரிலிருந்து வந்த கப்டன் பெல்லோதி நூலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகிறான். கொலையாளி யார் என்பது சீக்கிரமே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. உண்மை தெரிந்தும் அது நிற்குமா என்ற கேள்வியே நம்மை இழுத்துச் செல்கிறது. கடைசியில் மதிப்புக்குரிய மனிதர்கள் சாட்சி சொல்லி வழக்கைக் கலைத்துவிடுகிறார்கள். அந்தப் பஸ் பிரயாணிகளை நமக்குத் தெரியாதா? 'நான் ஒன்றும் காணயில்லை தம்பி' என்ற வசனம் மன்னாரிலும் புத்தளத்திலும் காத்தான்குடியிலும் கேட்காத காதும் உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்கு அருகில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். 80க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டட வேலையின்போது இன்னொரு புதைகுழி வெளிப்பட்டது. நீதவானின் மேற்பார்வையில் சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளர்களும் மாதக்கணக்கில் தூரிகையோடு குனிந்திருந்து 300க்கும் அதிகமான எலும்புக்கூடுகளை வெளிக்கொணர்ந்தார்கள். அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. காணாமல் போனவர்களின் உறவினர்கள் வேலிக்கு வெளியே காத்திருந்தார்கள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. அவை பல நூற்றாண்டுகள் பழையவை, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலங்களை ஒட்டியவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. ஆறு மாதிரிகள் போதுமா என்று உறவினர் தரப்புச் சட்டத்தரணிகள் கேட்டார்கள். எதிர்பார்த்த விடை கிடைக்காத புலனாய்வாளன் என்ன செய்வான்? தாய்மாருக்கு யார் சொல்வது? அந்தப் பழைய எலும்புகள் யாருடையவை, ஏன் அப்படிக் குவிந்து கிடந்தன? இத்தனை கேள்விகளை நிலமே தோண்டி வெளியே வைத்திருக்கும்போது நாம் பெருக்க மரத்தடியில் பிளாஸ்ரிக் சடலமொன்றை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

தொடர்கொலையாளி நாவலின் இன்னொரு குறையையும் இந்தப் புதைகுழிகள் காட்டித் தருகின்றன. அந்த வகை நாவலொன்றை வாசித்து முடித்து ஒரு மாதம் கழித்து, கொல்லப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது சொல்ல முடிகிறதா என்று வாசகர்கள் சோதித்துப் பார்க்கட்டும். கொலைகாரனின் பெயர், அவனது வலி, அவனது புத்திக்கூர்மை எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். பெண்கள் 'இரண்டாவது சடலம்', 'மூன்றாவது சடலம்' ஆகிவிட்டிருப்பார்கள். உண்மையான புலனாய்வு இதற்கு நேர்மாறானது. எலும்பை ஒரு பெயருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக அது உழைக்கிறது. ஜனாஸாத் தொழுகையில்லாமல் மண்ணுக்குள் போனவர்களுக்கு எழுத்தாளனால் செய்யக்கூடியதும் அதுதான்.

பயம் இருக்கிறது, பெயர் சொல்லி எழுத முடியாது என்பார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் நாவல் என்ற வடிவம் இருக்கிறது. பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், காலத்தை முன்பின்னாக நகர்த்துங்கள். குற்றத்தின் உருவத்தை மட்டும் மாற்றாதீர்கள். கட்டளையிட்டவனை மனநோயாளியாக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுத மறுத்த எழுதுவினைஞனை, கோப்பைத் தொலைத்த அலுவலகத்தை, நழுவிப் போன பஸ் பிரயாணியை, வேலிக்கு வெளியே காத்திருந்த உம்மாவை உள்ளே கொண்டு வாருங்கள். விறுவிறுப்பு தானாக வரும்.

துப்பறியும் நாவலை எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். உங்கள் அதிகாரி கண்டற் காட்டுக்குள் இறங்கும்போது ஓநாயின் கால்தடத்தைத் தேட வேண்டாம். முதலில் அந்தச் சட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும், பிறகு அதை யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்கட்டும்.